வாந்தி வராத பஸ்

சென்றாயனுக்கும் அவன் சகலை சின்னக்கண்ணுவுக்கும் நடுவில் பொறாமை இருந்தது என்று மலைமேல் அரியூர் நாட்டில் யாராவது சொன்னால் அது தப்பு. நடுவில் இல்லை. முழுக்க சென்றாயன் பக்கமே இருந்தது. சின்னக்கண்ணுவுக்கு அதில் ஒரு துளிகூட அவன் விட்டுவைக்கவில்லை.

அக்கா கோகிலவாணியைச் சென்றாயனும் தங்கச்சி ரஞ்சிதாவைச் சின்னக்கண்ணுவும் ஒரே பந்தலில் ஒரே முகூர்த்தத்தில் கட்டினார்கள். கல்யாணப் போட்டோவில் சின்னக்கண்ணு கண்ணை நன்றாகத் திறந்து சிரித்துக்கொண்டிருந்தான். சென்றாயன் கண்ணை மூடியிருந்தான். அன்றைக்கு ஆரம்பித்தது. இரண்டு பேரும் ஒரே வருசம் மிளகுக்கொடி வைத்தார்கள். சின்னக்கண்ணு கொடி இரண்டு சாண் கூடுதலாக ஏறியது. இரண்டு பேருக்கும் ஒரே வாரம் காய்ச்சல் வந்தது. சென்றாயன் பத்து நாள் படுத்தான், யாரும் எட்டிப் பார்க்கவில்லை. சின்னக்கண்ணு இரண்டே நாள் படுத்தான், ஊரே ரொட்டியோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தது. இதையெல்லாம் சென்றாயன் மனசுக்குள் தேதி வாரியாக வைத்திருந்தான்.

இப்படியிருக்கும்போது வைகாசி மாதம் ஒருநாள் ஒலிபெருக்கி கட்டின ஜீப் ஒன்று ஊருக்குள் வந்தது.

"கடையில் கிடைப்பதைக் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள். எந்தக் கடையிலும் கிடைக்காத, ஆனால் இருந்தால் நன்றாயிருக்குமே என்று நீங்கள் ஏங்குகிற பொருளோ சேவையோ இருந்தால் எங்களிடம் சொல்லுங்கள். இல்லாததை இல்லையென்று சொல்லாத ஒரே வாரியம், இல்லாப்பொருள் வாரியம்! புதன்கிழமை காலை பத்து மணிக்குச் சமுதாயக் கூடத்தில் சிறப்பு முகாம்!"

சென்றாயன் களைக்கொத்தைக் கீழே போட்டான். அவனுக்கு அப்படியொரு பொருள் வேண்டியிருந்தது.

போன தை மாதம் மிளகு பறிக்கிறபோது கோகிலவாணி சில்வர் ஓக் மரத்தில் சாத்தின ஒற்றை மூங்கில் ஏணியிலிருந்து கீழே விழுந்தாள். முப்பதடி உயரம். நடுவில் ஒரு கிளை தடுத்ததால் உயிர் பிழைத்தாள். வலது காலில் இரும்புத் தகடு வைத்து நாமக்கல் ஆஸ்பத்திரியில் தைத்து அனுப்பினார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய்க் காட்டிவிட்டு வர வேண்டும். தரையில் நின்றபடியே உச்சி மிளகைப் பறிக்கிற மாதிரி ஏதாவது ஒரு சாமான் இருந்தால் அவள் மறுபடி மரம் ஏற வேண்டியதில்லை. நாமக்கல்லிலும் ராசிபுரத்திலும் விசாரித்துவிட்டான். மாங்காய் பறிக்கிற வலை இருந்தது, தேங்காய் பறிக்கிற கத்தி இருந்தது. மிளகுக்கு எதுவும் இல்லை.

புதன்கிழமை கூடம் நிறைந்துவிட்டது. மேடையில் மண்டல விருப்ப அலுவலர் முருகானந்தம் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவருடைய எழுத்தர் தனபால் முத்திரைகளை உயர வரிசையில் அடுக்கிக்கொண்டிருந்தார். முருகானந்தம் மைக்கைப் பிடித்தார்.

"அரிசி குடுக்கலாம், ஆடு குடுக்கலாம். அதுல ஒரு சிக்கல் இருக்குது. குடுத்தாப் பொருள் வந்துரும். வந்த பொருள்ல மக்கள் குறை சொல்லுவாங்க. அரிசியில கல்லும்பாங்க, ஆட்டுக்குச் சளிம்பாங்க. நம்ம வாரியம் ஆரம்பிச்சு நாலு வருசம் ஆகுது. இன்னைக்கு வரைக்கும் நாம வழங்கின எந்தப் பொருள் மேலயும் ஒரு புகார் வந்ததில்லை. ஒண்ணுகூட இல்லை. இந்தப் பெருமை வேற எந்தத் துறைக்காச்சும் இருக்குதா?"

கூடம் கைதட்டியது. எதற்கென்று தெரியாவிட்டாலும் சென்றாயனும் தட்டினான்.

சனம் வரிசையில் நின்று தங்கள் ஏக்கங்களைச் சொன்னது. ஒருவர் மலை முகட்டில் மட்டும் கிடைக்கிற செல்போன் சிக்னலைப் பாட்டிலில் பிடித்து ஊட்டுக்குக் கொண்டுவர ஒரு மூடி கேட்டார். ஒரு பெண், புருசன் 'உம்' கொட்டும்போது நிஜமாகவே கேட்டானா என்று காட்டிக்கொடுக்கும் விளக்கு கேட்டாள். மரவள்ளிக் காட்டுக்காரர் ஒருவர், பன்றி படித்துப் பார்த்துத் திரும்பிப் போகிற மாதிரி ஒரு போர்டு கேட்டார். தனபால் எல்லாவற்றையும் முகம் மாறாமல் எழுதிக்கொண்டார்.

சென்றாயன் முறை வந்தது. மிளகு விசயத்தைச் சொன்னான். கோகிலவாணி விழுந்ததையும் சொன்னான்.

"இன்மைச் சான்று இருக்குதா?" என்றார் தனபால்.

"அப்படின்னா என்னங்க?"

"நீங்க கேக்கற பொருள் இல்லைங்கறதுக்குச் சான்று. மூணு கடையில, 'எங்களிடம் இப்பொருள் இல்லை'ன்னு எழுதி வாங்கிட்டு வரணும். நீங்க பாட்டுக்கு இல்லைன்னு சொல்றீங்க. இருந்துட்டா?"

அவனுக்குப் பின்னால் சின்னக்கண்ணு நின்றுகொண்டிருந்தான். அவன் எதையும் கேட்க வரவில்லை. ரஞ்சிதாவுக்கும் அந்த 'உம்' விளக்கு கேட்கிற ஆசை வந்துவிடக் கூடாதே என்று காவலுக்கு நின்றிருந்தான். வரிசை தள்ளியதில் மேசைக்கு முன்னால் வந்துவிட்டான்.

"உங்களுக்கு?" என்றார் முருகானந்தம்.

"எனக்கு ஒண்ணும் வேண்டாமுங்க."

"ஒண்ணும் வேண்டாம்னு ஒரு மனுசன் இருக்க முடியாது. கூச்சப்படாமச் சொல்லுங்க."

சின்னக்கண்ணு தலையைச் சொறிந்தான். "சேந்தமங்கலம் போய் வாரப்ப எழுபது கொண்டை ஊசி வளைவுங்க. ஏறும்போதும் வாந்தி, இறங்கும்போதும் வாந்தி. வாந்தி வராத பஸ் ஒண்ணு இருந்தாத் தேவலைங்க."

முருகானந்தம் எழுந்து நின்றுவிட்டார். தனபாலைப் பார்த்தார். தனபால் பெரிய முத்திரையைக் கையில் எடுத்தார்.

"பஸ்ஸுக்கு இன்மைச் சான்று வேண்டியதில்லை. பஸ்ஸைக் கடையில விக்கறதில்லை" என்றார் தனபால். முத்திரை விழுந்தது. சின்னக்கண்ணு கழுத்தில் மாலை விழுந்தது. போட்டோ எடுத்தார்கள். அதிலும் அவன் கண் திறந்துதான் இருந்தது.

சென்றாயன் மறுநாளே மலையிறங்கிச் சேந்தமங்கலம் போனான். முதல் இரும்புக் கடைக்காரரிடம் விசயத்தைச் சொன்னான். அவர் முகம் சுருங்கிப்போனது.

"என் கடையில ஒரு சாமான் இல்லைன்னு நானே எழுதிக் குடுக்கறதா? எங்கப்பா காலத்துல இருந்து இல்லைங்கற சொல்லு இந்தக் கடையில வந்ததில்லை. ரெண்டு நாள்ல வரவழைச்சுத் தாரேன்னு எழுதித் தாரேன், வாங்கிக்கங்க."

"இல்லாத சாமானை எப்படீங்க வரவழைப்பீங்க?"

"அது என்ற கவலை, உங்க கவலை இல்லை."

இரண்டாவது கடைக்காரரும் அப்படியேதான் எழுதிக் கொடுத்தார். மூன்றாவது கடைக்காரர் மட்டும் இல்லையென்று ஒத்துக்கொண்டார். ஆனால் அது பூட்டுக் கடை. மூன்று தாள்களையும் தனபாலிடம் கொடுத்தான். பத்து நாளில் தபால் வந்தது. 'இரண்டு கடைகளில் பொருள் விரைவில் கிடைக்கும் எனத் தெரியவருவதாலும், மனுதாரரிடம் ஏற்கெனவே ஏணி இருப்பதாலும், மனு தள்ளுபடி செய்யப்படுகிறது.'

கோகிலவாணி அந்தத் தபாலைப் படித்துவிட்டு மடித்து அரிசிப் பானை மேல் வைத்தாள். "போச்சாது உடுங்க. வர தையில மேல் மிளகைக் குருவிக்கு உட்டுரலாம்" என்றாள்.

அவளால் விட முடிந்தது. சென்றாயனால் முடியவில்லை. காரணம், சின்னக்கண்ணு ஊட்டுக்கு முன்னால் தினம் ஒன்று முளைத்துக்கொண்டிருந்தது.

முதலில் ஒரு போர்டு வந்தது. 'இல்லாப்பொருள் பயனாளி, எண் 1.' அடுத்து, வரப்போகிற பஸ்ஸின் வண்ணப் படம் கண்ணாடி போட்டு வந்தது. படத்தில் பஸ் சன்னலோரம் ஒரு வெள்ளைக்காரப் பெண் வாந்தி வராமல் சிரித்துக்கொண்டிருந்தாள். அதற்கப்புறம் பஸ் நிறுத்தமே வந்துவிட்டது. கூரை போட்டு, பளிங்குக்கல் பதித்து, உட்கார பெஞ்சு வைத்து, சின்னக்கண்ணு வாசலிலேயே கட்டினார்கள். நிஜமாக ஓடுகிற பஸ் அங்கே நிற்பதில்லை. அது வேறு பஸ்ஸின் நிறுத்தம் என்று கண்டக்டர் சொல்லிவிட்டார். மழை வந்தால் சனம் அந்தக் கூரைக்கடியில் ஒதுங்கும். பஸ் சத்தம் கேட்டதும் நனைந்துகொண்டே ஓடிப்போய்ப் பழைய புளியமரத்தடியில் ஏறும்.

மாதம் ஒருமுறை முருகானந்தமும் தனபாலும் இன்மை ஆய்வுக்கு வந்தார்கள். பொருள் இன்னும் வரவில்லை என்பதை நேரில் பார்த்து உறுதி செய்ய வேண்டுமாம். வாசலில் நின்று இரண்டு பக்கமும் பார்ப்பார்கள். தனபால், 'பொருள் காணப்படவில்லை, திருப்தி' என்று எழுதுவார். பிறகு ரஞ்சிதா கையால் காப்பி குடிப்பார்கள். ஒருநாள் பலாச்சுளையும் தின்றார்கள்.

இதையெல்லாம் தன் வாசலிலிருந்து பார்த்த சென்றாயனுக்குச் சோறு இறங்கவில்லை.

"வராத பஸ்ஸுக்கு ஏனுங்க வயிறு எரியறீங்க?" என்றாள் கோகிலவாணி.

"வந்துட்டா?"

"வந்தா நாமளும்தான் ஏறிப் போவோம்."

"அவன் பஸ்ஸுல நான் ஏறறதா?"

அவள் காலை நீட்டித் தைலம் தேய்க்க ஆரம்பித்தாள்.

அன்று மத்தியானம் மரவள்ளிக் காட்டில் சும்மா உட்கார்ந்திருந்தபோது சென்றாயனுக்கு ஒரு விசயம் ஞாபகம் வந்தது. மூன்று வருசத்துக்கு முன்னால் ஒருநாள் இரண்டு பேரும் பஸ்ஸில் ஒன்றாக வந்தார்கள். நாற்பத்திரண்டாவது வளைவில் சென்றாயன் தலையை வெளியே நீட்டி வாந்தியெடுத்தான். எடுத்து முடித்து வாயைத் துடைத்துக்கொண்டே, "வாந்தி வராத பஸ்ஸுன்னு ஒண்ணு இருக்கக் கூடாதா?" என்று சொன்னான். பக்கத்தில் அவன் மஞ்சப்பையைப் பிடித்துக்கொண்டு சின்னக்கண்ணு உட்கார்ந்திருந்தான்.

ஆக, அது சின்னக்கண்ணுவின் ஏக்கமே இல்லை. தன்னுடைய ஏக்கம்! சென்றாயன் அன்றைக்கே நாலு பக்கத்தில் ஆட்சேபனை எழுதிப் போட்டான்.

வாரியத்தில் இதற்கும் ஒரு நடைமுறை இருந்தது. அதன் பெயர் ஏக்க முன்னுரிமை விசாரணை. இரண்டு பேருக்கும் ஓலை வந்தது. இரண்டு பேரும் ஒரே காலை பஸ்ஸில் சேந்தமங்கலம் போனார்கள். ஒரே பஸ்தான் இருந்தது. சென்றாயன் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தான். இருபதாவது வளைவு தாண்டுவதற்குள் அவனுக்குக் குமட்டியது. பின்னாலிருந்து ஒரு கை எலுமிச்சம்பழத்தை நீட்டியது.

"மோந்து பாருங்க சகலை."

"வேண்டாம்."

இரண்டு வளைவு போனதும் வாங்கிக்கொண்டான். ஆனால் நன்றி சொல்லவில்லை. எதிர்தரப்பிடம் நன்றி சொன்னால் வழக்கு பலவீனமாகிவிடும் என்று நினைத்தான்.

விசாரணை அறையில் தனபால் கேள்விகளை ஒரு பட்டியலிலிருந்து படித்தார்.

"நாப்பத்திரெண்டாவது வளைவுன்னு எப்படித் தெரியும்?"

"நம்பர் எழுதி வெச்சிருக்குதுங்க. குனிஞ்சிருந்தப்ப நேராக் கண்ணுல பட்டுது."

"வாந்தி எடுத்ததுக்கு ஆதாரம்?"

"மூணு வருசம் ஆச்சுங்க. மழை பெஞ்சிருக்கும்."

தனபால் 'ஆதாரம் மழையில் அழிந்தது' என்று எழுதிவிட்டுச் சின்னக்கண்ணு பக்கம் திரும்பினார். "இவர் சொல்றது உண்மையா?"

சின்னக்கண்ணு யோசித்தான். "சகலை அன்னைக்கு வாந்தி எடுத்தது நெசமுங்க. அப்படிச் சொல்லியிருக்கவும் செய்யலாமுங்க. அவருக்கே எழுதிருங்க. எனக்குப் பஸ் வேண்டாமுங்க."

சென்றாயனுக்குச் சந்தோசம் வரவேண்டிய இடம் இது. வரவில்லை. இவ்வளவு பெரிய மனசைக் காட்டி முருகானந்தம் முன்னால் நல்ல பெயர் வாங்கிவிட்டானே என்றுதான் எரிந்தது.

முருகானந்தம் கையை உயர்த்தினார். "பயனாளி விலகினா வாரியத்துக்கு ஒரு பயனாளி குறையும். எண்ணிக்கை குறையறதை நான் அனுமதிக்க முடியாது. எண்ணிக்கையைக் கூட்டிடறேன். முன் கதவு சின்னக்கண்ணுவுக்கு. பின் கதவு சென்றாயனுக்கு. ரெண்டு பேரும் கூட்டுப் பயனாளிகள்."

ஊர் திரும்புகிற வழியெல்லாம் சென்றாயன் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். அவன் வாசலிலும் ஒரு போர்டு வந்தது. இரண்டு நாள் நன்றாகத் தூங்கினான். மூன்றாவது நாள் புதிதாக ஒரு யோசனை வந்தது. டிரைவர் முன் பக்கம்தானே இருப்பார்? முன் கதவுக்காரன் கையசைத்தால்தானே வண்டி நிற்கும்?

இப்படியே மழை போய், பனி போய், பங்குனி வந்தது. வருசக் கணக்கு முடிக்கிற மாதம். சமுதாயக் கூடத்துக்குத் தோரணம் கட்டி வழங்கும் விழா என்று அறிவித்தார்கள். சனமெல்லாம் பஸ் வரும் என்று ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றது. ஜீப்தான் வந்தது. முருகானந்தம் இறங்கி மேடையேறினார்.

"பொருள்ங்கறது உருவம் மட்டுமில்லை. மனநிறைவுதான் பொருள். உருவத்தை எவன் வேணும்னாலும் குடுப்பான். நாங்க நேரா மனநிறைவையே குடுக்கறோம். இடையில பஸ் எதுக்கு?"

தனபால் இரண்டு பயனாளிகளையும் மேசைக்குக் கூப்பிட்டார். அச்சடித்த தாள் ஒன்று இருந்தது. 'பொருளைப் பெற்றுக்கொண்டேன். பயன்படுத்தினேன். வாந்தி வரவில்லை.'

சின்னக்கண்ணு தாளை வாங்கி உதட்டை அசைத்து இரண்டு தடவை படித்தான்.

"பஸ் வரலீங்களே?"

"வாந்தி வந்துச்சா?" என்றார் முருகானந்தம்.

"பஸ்ஸே வரலீங்க. வாந்தி எப்படீங்க வரும்?"

"வரலைல்ல? அதைத்தான் இதுல எழுதியிருக்குது. போடுங்க கையெழுத்தை."

சின்னக்கண்ணு பேனாவைக் கீழே வைத்தான். "வாங்காததை வாங்கினேன்னு எழுதறதுக்குப் பயமா இருக்குதுங்க. நாளைக்கு அந்தப் பஸ் எங்கேன்னு யாராச்சும் கேட்டா நான் எங்கீங்க போவேன்?"

முருகானந்தத்தின் நெற்றியில் வேர்வை தெரிந்தது. அவர் மெதுவாகச் சென்றாயன் பக்கம் திரும்பினார்.

"பாத்தீங்களா? சிலருக்குக் குடுத்து வைக்கலை. சென்றாயன், நீங்க கையெழுத்துப் போட்டா முன் கதவும் உங்களுக்கே."

முன் கதவு! சின்னக்கண்ணு வேண்டாமென்று வைத்துவிட்டு நிற்கிறான், ஊரே பார்த்துக்கொண்டிருக்கிறது. கூட்டத்தின் நடுவில் கோகிலவாணி தலையை ஆட்டி வேண்டாம் வேண்டாம் என்று சாடை காட்டினாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. பார்த்தால் கை நின்றுவிடும் என்று தெரியும். பின் கதவுக்கு ஒரு கையெழுத்தும் முன் கதவுக்கு ஒரு கையெழுத்துமாக இரண்டு போட்டான். மாலை விழுந்தது. போட்டோ எடுத்தார்கள். இந்தத் தடவை கண்ணைத் திறந்தே வைத்திருந்தான்.

சித்திரை முதல் வாரம் கோகிலவாணியைக் கூட்டிக்கொண்டு நாமக்கல் போனான். டாக்டர் காலைப் பார்த்துவிட்டு, எலும்பு கூடி வருகிறது, இன்னும் ஆறு மாதம் மேடு பள்ளம் நடக்கக் கூடாது என்றார். சேந்தமங்கலம் வந்து நாலரை மணி பஸ்ஸுக்குக் காத்திருந்தார்கள். அரியூருக்கு நேராகப் போகிற பஸ் அது ஒன்றுதான். ஐந்தாகியும் வரவில்லை. நேரக் காப்பாளரிடம் போய்க் கேட்டான்.

"அதை இன்னைக்கு மத்தியானத்துல இருந்து நிறுத்தியாச்சே. உங்க ஊருக்குத்தான் இல்லாப்பொருள் வாரியம் புது பஸ் குடுத்திருக்குதாமே? வாந்திகூட வராதாம். பயனாளி கையெழுத்தோட கடிதம் வந்துச்சு. ஒரே ஊருக்கு ரெண்டு பஸ் எதுக்குன்னு இதை வேற பக்கம் திருப்பி உட்டுட்டாங்க."

"யாரு கையெழுத்துங்க?"

"சென்றாயனோ என்னமோ. ரெண்டு இடத்துல போட்டிருந்தான்."

அவன் திரும்பி வந்தபோது கோகிலவாணி பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவள் எதுவும் கேட்கவில்லை. நேரக் காப்பாளருக்குச் சத்தமான தொண்டை.

செம்மேடு வரைக்கும் போகிற வேறொரு பஸ்ஸைப் பிடித்து மேலேறினார்கள். அங்கிருந்து ஊருக்கு நடை. மேடு ஒன்று, பள்ளம் ஒன்றாகப் போகிற ரோடு அது. முதல் மேட்டிலேயே அவளுக்கு மூச்சு வாங்கியது. பாலத்துக் கட்டையில் உட்கார்ந்து முழங்காலுக்குக் கீழே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். சென்றாயன் பக்கத்தில் நின்றான். என்ன செய்வதென்று தெரியாமல் தண்ணீர்ப் புட்டியைத் திறந்து திறந்து மூடினான்.

"ஏனுங்க" என்றாள் அவள், ரோட்டைப் பார்த்தபடி. "நான் முன் கதவுல ஏறட்டுமா, பின் கதவுல ஏறட்டுமா?"

அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அவனுக்குத் தாங்கவில்லை. ரோட்டோரப் புல்லில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டான்.

நன்றாக இருட்டின பிறகு சின்னக்கண்ணு மோட்டார் சைக்கிளில் வந்தான். யாரோ செம்மேட்டில் பார்த்துப் போன் செய்திருக்கிறார்கள். கோகிலவாணியைப் பின்னால் பக்குவமாக உட்கார வைத்து, காலை மடக்காமல் இருக்கத் தன் துண்டைச் சுருட்டிக் கொடுத்தான்.

"உங்களைக் கூட்டிட்டுப் போக மறுபடி வாரேனுங்க சகலை."

"வேண்டாம். நடந்து வாரேன்."

நடந்தான். வழியெல்லாம் தன்னைத் திட்டிக்கொண்டு நடந்தான். இடையில் ஓரிடத்தில், துண்டைச் சுருட்டிக் கொடுக்க வேண்டும் என்பது தனக்குத் தோன்றாமல் அவனுக்குத் தோன்றியதே என்று ஒரு எரிச்சல் வந்தது. அதற்கும் சேர்த்துத் தன்னையே திட்டிக்கொண்டான்.

மறுநாள் முதல் வேலையாகச் சேந்தமங்கலத்தில் இருந்த வாரிய அலுவலகத்துக்குப் போனான்.

"எங்க பழைய பஸ்ஸைத் திருப்பிக் குடுத்துருங்க சாமி."

முருகானந்தம் வருத்தத்தோடு தலையாட்டினார். "பழைய பஸ்ஸுங்கறது உள்ள பொருள். உள்ள பொருளை நாங்க கையாள்றதில்லை."

"இப்ப அது இல்லீங்களே!"

முருகானந்தத்தின் முகம் மலர்ந்தது. "இல்லையா? அப்படின்னா எங்க வரம்புக்குள்ள வந்துருச்சே! தனபால், ஒரு விண்ணப்பம் எடுங்க. மூணு பஸ் ஸ்டாண்டுல இருந்து இன்மைச் சான்று வாங்கிட்டு வந்துருங்க. ஒரு வருசத்துல வழங்கிரலாம்."

"போன தடவை வழங்கின மாதிரியுங்களா?"

"அதே மாதிரி" என்றார் முருகானந்தம் பெருமையாக. "அதுல ஏதாவது புகார் இருக்குதா?"

"பஸ்ஸே வரலீங்க!"

"வரலைங்கறது புகார் ஆகாது. வராம இருக்கறது எங்க பொருள்களோட இயல்பு. பயன்படுத்தினப்ப ஏதாவது கோளாறு வந்தாத்தான் புகார்."

சென்றாயன் ஊட்டுக்கு வந்து அப்படியே எல்லாவற்றையும் கோகிலவாணியிடம் ஒப்பித்தான். அவள் மரவள்ளிக் கிழங்குக்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தாள். கத்தி நின்றது.

"பயன்படுத்தினப்பக் கோளாறு வந்தாப் புகாரா?"

"அப்படித்தான் சொன்னாரு."

"அப்ப வாந்தி வந்துச்சுன்னு எழுதிக் குடுங்க."

"எந்தப் பஸ்ஸுல?"

"அவிய குடுத்த பஸ்ஸுலதான். அந்தப் பஸ்ஸுல போனேன், வாந்தி வந்துருச்சுன்னு எழுதுங்க. பஸ்ஸே இல்லைன்னு அவிய சொல்ல முடியுமா? இல்லைன்னு சொன்னா நீங்க போட்ட கையெழுத்து பொய். இருக்குதுன்னு சொன்னா வாந்தி நெசம்."

கல்யாணப் போட்டோவில் மூடியிருந்த கண்ணுக்கும் சேர்த்து, சென்றாயன் தன் மனைவியை நன்றாகப் பார்த்தான்.

வெள்ளிக்கிழமைக்குள் சேதி அரியூர் நாடு முழுக்கப் பரவிவிட்டது. திங்கள்கிழமை இருநூறு பேருக்கு மேல் வாரிய அலுவலகத்தின் முன்னால் நின்றார்கள். சென்றாயன் விடிவதற்கு முன்பே லாரி பிடித்துப் போயிருந்தான். முதல் ஆளாக நிற்க வேண்டும் என்பது அவன் ஆசை. ஆனால் கையெழுத்துப் போட்ட பயனாளி என்பதால் அவனைத் தனி வரிசைக்கு அனுப்பினார்கள். அந்த வரிசைக்கு வேறொரு எழுத்தர் பதினொரு மணிக்குத்தான் வந்தார். அதற்குள் பொது வரிசையில் முதல் ஆளாகச் சின்னக்கண்ணு தனபால் முன்னால் உட்கார்ந்திருந்தான்.

"பத்தொம்பதாவது வளைவுல குமட்டுச்சுங்க. முப்பத்தொண்ணுல வந்துருச்சுங்க. காலையில தின்ன களியும் கீரையும். ஐம்பத்தாறுல மறுபடியும்."

"பஸ் என்ன நிறம்?" என்றார் தனபால், கடைசி நம்பிக்கையாக.

"நீலமுங்க. நீங்க குடுத்த படத்துல இருக்கற அதே நீலம். பக்கத்து சீட்டுல ஒரு வெள்ளைக்காரம்மா இருந்தாங்க. அவங்களும் பாவம், எடுத்துட்டாங்க."

தனபால் 'நீலம்' என்று எழுதிக்கொண்டார். வாரியத்தின் ஐந்து வருசப் பெருமையில் முதல் கறை எழுதப்பட்டது. மத்தியானத்துக்குள் இருநூற்றுப் பதினான்கு கறைகள் சேர்ந்தன. ஒரு பெண் தன் கைக்குழந்தையின் சார்பிலும் புகார் கொடுத்தாள்.

மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டார்கள். முருகானந்தம் மூன்று நாள் யோசித்து விளக்கம் எழுதினார். பஸ் இல்லையென்று எழுதினால் கையெழுத்து என்னாவது? பஸ் நல்ல பஸ் என்று எழுதினால் வாந்தி என்னாவது? கடைசியில், வழங்கப்பட்ட பொருளில் தரக்குறைவு கண்டறியப்பட்டதால் மக்கள் நலன் கருதி அது உடனடியாகத் திரும்பப் பெறப்படுகிறது என்று எழுதினார். ஜீப்பில் வந்து சென்றாயன் வாசலில் நின்று பஸ்ஸைத் திரும்பப் பெற்றுக்கொண்டு போனார்கள். தனபால் போகிறபோது பின்னால் பார்த்துக்கொண்டே, "வரட்டும், வரட்டும், ரைட்டு" என்று சொன்னதாகச் சனம் சொல்கிறது. அது உண்மையா என்று தெரியாது.

அடுத்த வாரம் பழைய நாலரை மணி பஸ் திரும்ப ஓட ஆரம்பித்தது.

முதல் நாள் சேந்தமங்கலத்தில் அது கிளம்பத் தயாராக நின்றபோது, பஸ் ஸ்டாண்டுத் தூணில் வாரியத்தின் ஆணை ஒட்டியிருந்ததைச் சென்றாயன் பார்த்தான். கிட்டப் போய்ப் படித்தான். 'அரியூர் நாட்டைச் சேர்ந்த திரு. சின்னக்கண்ணு மற்றும் பலர் அளித்த புகாரின் பேரில்' என்று ஆரம்பித்திருந்தது. மறுபடியும் படித்தான். கோகிலவாணி ஏற்கெனவே ஏறி, முன்னால் பெண்கள் பக்கம் காலை நீட்ட வசதியாக இடம் பிடித்திருந்தாள்.

"ஏனுங்க, ஏறுங்க! வண்டி கெளம்புது!"

"மற்றும் பலராம்" என்றான் சென்றாயன் தூணைப் பார்த்து. "யோசனை யாருது? உன்னுது. எழுதினது யாரு? நானு. பேரு மட்டும்..."

வண்டி நகர்ந்தது. ஓடிப்போய் ஏறினான். எல்லா இடமும் நிறைந்திருந்தது. சின்னக்கண்ணுவுக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு ஆள் உட்கார இடம் இருந்தது. சின்னக்கண்ணு சன்னலோரம் இருந்தான். சென்றாயனைப் பார்த்ததும் சட்டென்று எழுந்தான்.

"நீங்க சன்னலோரம் உக்காருங்க சகலை. காத்து வரும்."

சென்றாயன் உட்கார்ந்தான். காற்று நன்றாகத்தான் வந்தது. மலையேறத் தொடங்குகிற வரைக்கும் அவன் வெளியே பார்த்துக்கொண்டே இருந்தான். இவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுத்திருக்கிறான் என்றால், அந்தப் பக்கத்து சீட்டில் ஏதோ ஒரு வசதி இருக்கத்தான் வேண்டும்.